ஒரு செடிக்கு நாலு லிட்டர்

பிப்ரவரி 9

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

வணக்கம். நானும் என் மனைவியும் சுகம். என் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முறைத்துக்கொள்கிறது. உங்கள் உடம்பு எப்படி? என் பெண்ணும் மாப்பிள்ளையும் எப்படி? எலுமிச்சைச் செடிகள் எப்படி?

போனில் பேச வேண்டியதை ஏன் எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள். போனில் நான் எதைச் சொன்னாலும் நீங்கள் "சரிங்க, சரிங்க" என்கிறீர்கள். எதற்குச் சரி என்று உங்களுக்கும் தெரிவதில்லை, எனக்கும் தெரிவதில்லை. உங்கள் காதுக்குக் கத்துவதைவிடக் கண்ணுக்கு எழுதுவது மரியாதை என்று தோன்றியது. தவிர, முப்பத்துநாலு வருஷம் கரும்பலகையில் எழுதிய கை, ஓய்வு பெற்ற பிறகும் சும்மா இருக்க மறுக்கிறது.

மகள் சொன்னாள், உங்கள் கிணற்றில் மோட்டார் போட்டால் கால் மணி நேரத்தில் காற்றை இழுக்கிறதாம். ஒரு நாளைக்கு இருநூறு லிட்டர் டிரம்மில் மூன்று, அவ்வளவுதானாம். அறுபது செடிக்கு அதை எப்படிப் பங்கு போடுவது? போன வாரம் இங்கே ஒரு விவசாயக் கண்காட்சி. வேடிக்கை பார்க்கப் போனவன் ஒரு டிரம்முக்கு முன்னால் ஒரு மணி நேரம் நின்றுவிட்டேன். மோட்டார் வேண்டாம், மின்சாரம் வேண்டாம். இடுப்பு உயரத்துக்குக் கல் அடுக்கி அதன்மேல் டிரம். அடியிலிருந்து வரிசையோடு போகும் கறுப்புக் குழாய். ஒவ்வொரு செடிக்கும் அதிலிருந்து மெல்லிய ஒரு குழாய். செடியின் காலடியில் சொட்டு, சொட்டு, சொட்டு. அவ்வளவுதான்.

தாகமாக இருக்கும் பிள்ளையின் தலையில் ஒரு குடத்தைக் கவிழ்த்தால் தலைதான் நனையும். வாயில் வைத்துக் கொடுத்தால் ஒரு டம்ளர் போதும். உதாரணமாக, அறுபது செடி, ஒரு செடிக்கு ஒரு நாளைக்கு நாலு லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். இருநூற்று நாற்பது லிட்டர். ஒன்றேகால் டிரம்கூட ஆகாது! மிச்சம் கிணற்றிலேயே இருக்கும்.

படம் வரைந்து இத்துடன் வைத்திருக்கிறேன். இங்கே மாடியில் கொஞ்சம் கொத்து வேலை, வீடெல்லாம் தூசி. தும்மிக்கொண்டே முடிக்கிறேன்.

அன்புடன்,
சம்பந்தி


பிப்ரவரி 21

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே எல்லோரும் சுகம். உங்கள் வீட்டு அம்மாவை நான் கேட்டதாகச் சொல்லவும். உங்கள் முழங்காலுக்கு எதற்கு மாடிப்படி? கீழேயே இருங்கள்.

கடிதம் எழுதியதற்கு நன்றி. போனில் "சரிங்க" சொல்வது எனக்கும் அலுத்துவிட்டது.

நிலைமையை ஒளிக்காமல் எழுதுகிறேன். என் பையன் சொல்லிவிட்டான்: "இந்தக் கோடை தாண்டிச் செடி நின்னா இருப்போம்மா. இல்லைன்னா மண்ணைக் கொடுத்துட்டு டவுனுக்குப் போயிடுவோம்." மண்ணுக்கு ஆள் தயாராக இருக்கிறார். வீட்டு மனைகளை மேடாக்க மண் அடிக்கும் லாரிக்காரர். பைக்கில் வந்து இறங்குவார், ஒரு பிடி எடுப்பார், துணிக்கடையில் புடவையைத் தடவுவதுபோல் தடவிப் பார்ப்பார். "அருமையான மண்ணும்மா, ஒட்டாது, ஊறாது." மழைக்கு முன்னால் எடுத்தால்தான் லாரி இறங்குமாம். ஓர் ஆள் உயரத்துக்கு எடுப்பார்கள். அதற்குப் பிறகு அது நிலம் இல்லை, பள்ளம். அந்த அறுபது குழியும் நான் தோண்டியவை.

அதனால் உங்கள் படத்தைப் பார்த்த அன்றே வேலையை ஆரம்பித்துவிட்டோம். என் பையன், "மாமா சொல்லிட்டாருன்னா போட்டுத்தானே ஆகணும்" என்று சொல்லிக்கொண்டே குழாய் இழுத்தான். உங்கள் பெண் சூடான ஆணியால் துளை போட்டாள். ஒவ்வொரு முனையிலும் ஒரு டம்ளரை வைத்து எண்ணிப் பார்த்தேன். பன்னிரண்டு முனைகள் சொட்டவில்லை. ஊதி ஊதி எனக்கு வாய் கோணிப்போனது. இப்போது எல்லாம் சொட்டுகின்றன.

நீங்கள் எழுதியபடி செடிக்கு நாலு லிட்டர். ஒரு சொட்டு கூட்டவில்லை, குறைக்கவில்லை. ஒரு முறையை அரைகுறையாகச் செய்துவிட்டு அது சரியில்லை என்று சொல்வது எனக்குப் பிடிக்காது.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தி


மார்ச் 5

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

நாங்கள் இருவரும் சுகம். நீங்கள் நால்வரும் சுகமா? (மூவரை நால்வர் என்று எழுதிவிட்டேன், நாலாவது செடிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.)

உங்கள் டம்ளர் பரிசோதனையைப் படித்ததும் நாற்காலியை விட்டு எழுந்து நின்றேன். என் வகுப்பில் முப்பத்துநாலு வருஷத்தில் யாரும் இப்படிச் செய்ததில்லை. எனக்குத் தெரிய வேண்டியவை நிறைய. டிரம்முக்குப் பக்கத்தில் இருக்கும் செடிக்கும் கடைசிச் செடிக்கும் ஒரே வேகத்தில் சொட்டுகிறதா? முதல் பெஞ்சுக்குக் கேட்பது கடைசி பெஞ்சுக்குக் கேட்காது அல்லவா, அதுபோலத் தண்ணீரும் கடைசிவரை போவதற்குள் களைத்துப்போகும். டிரம்மின் வாயைத் துணியால் கட்டினீர்களா? ஒரு தூசு போதும், முனை அடைத்துக்கொள்ளும். தரையில் ஈரம் எவ்வளவு அகலம்? விரலால் அளந்தாலும் சரி.

நான் விவசாயி இல்லை. எனக்குப் பழக்கம் எலுமிச்சம்பழத்தோடுதான், மரத்தோடு இல்லை. அதனால் நான் கேட்பது அசட்டுத்தனமாக இருந்தால் சிரித்துவிட்டுப் பதில் எழுதுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி: செடிகள் எப்படி இருக்கின்றன?

மாடியில் ஜன்னல் பொருத்தியாயிற்று. கிழக்குப் பார்த்த ஜன்னல். காலையில் நல்ல வெளிச்சம்.

ஆவலுடன்,
சம்பந்தி


மார்ச் 23

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

இங்கே சுகம். வெயில் ஏறிவிட்டது. அங்கும் அப்படித்தான் இருக்கும். அம்மாவை மத்தியானத்தில் வெளியே போக விடாதீர்கள்.

கடைசிச் செடிக்குக் களைத்துப்போன தண்ணீர்தான் வருகிறது. முதல் செடிக்கு ஒரு டம்ளர் நிறையும் நேரத்தில் கடைசிச் செடிக்கு முக்கால் டம்ளர். டிரம்மை இன்னும் இரண்டு கல் உயர்த்தினேன், கொஞ்சம் சரியாயிற்று. வாயைத் துணியால் கட்டியிருக்கிறேன்.

அணில் குழாயைக் கடிக்கிறது. தாகத்துக்குக் கடிக்கிறது என்று நினைத்து ஒரு சட்டியில் தண்ணீர் வைத்தேன். இப்போது சட்டியில் குடித்துவிட்டுத் தெம்பாக வந்து குழாயைக் கடிக்கிறது.

செடிகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இருக்கின்றன.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தி


(அதே கவரில், நோட்டிலிருந்து கிழித்த தாளில்)

அப்பா,

கவர் ஒட்டற வேலை என்னோடது. அதனால அத்தைக்குத் தெரியாம இதை உள்ள வைக்கிறேன். நான் நல்லா இருக்கேன்.

இலையெல்லாம் மத்தியானத்துல காகிதம் மாதிரி சுருளுது. சாயங்காலம் நிமிரவும் இல்லை. ஏழு செடி நுனியிலேர்ந்து காயுது. நாலு லிட்டர் போதுமாப்பா? "கூட்டிப் பார்க்கலாமே அத்தை"ன்னு கேட்டா, "உங்கப்பா கணக்குப் போட்டு எழுதியிருக்காரு, பாதியில நாம மாத்தினா மரியாதையா இருக்காது"ங்கறாங்க. இவரு பக்கத்துல நின்னுக்கிட்டு, "வாத்தியார் கணக்கு தப்புமா?"ன்னு சிரிக்கறாரு. அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கலை.

அத்தை உங்களுக்கு எழுத மாட்டாங்க. அதான் நான் எழுதறேன்.


மார்ச் 27

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

சுகம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். முதலில் இது: இன்றிலிருந்து செடிக்குப் பத்து லிட்டர் கொடுங்கள். கிணறு கொடுக்கும் மூன்று டிரம்மையும் கொடுத்துவிடுங்கள். எதையும் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

"இருக்கின்றன" என்று நீங்கள் எழுதியதை மூன்று முறை படித்தேன். அதற்கு முன்னால் "நன்றாக" என்ற சொல் இல்லை.

நாலு என்பது உங்கள் செடிகளுக்காகப் போட்ட எண்ணே இல்லை, அம்மா. அறுபதோடு பெருக்கினால் மனக்கணக்கில் வரும் என்று போட்ட எண். இது எங்கள் தொழிலில் பிடித்துக்கொண்ட வியாதி. "ஒரு தொட்டியை ஒரு குழாய் ஆறு மணி நேரத்தில் நிரப்பும்" என்று பலகையில் எழுதுவோம். எந்தத் தொட்டி, எந்தக் குழாய் என்று எந்தப் பிள்ளையும் கேட்டதில்லை. விடை சரியாக வந்தால் போதும். நீங்கள் நிஜமாகவே தொட்டியைக் கட்டி, குழாயைத் திறந்துவிட்டீர்கள். நான் உதாரணம் என்று எழுதியதை நீங்கள் உத்தரவு என்று எடுத்துக்கொண்டதில் உங்கள் தப்பு எதுவும் இல்லை. ஒரு செடிக்கு எவ்வளவு வேண்டும் என்று முதலில் உங்களைக் கேட்டிருக்க வேண்டும். நீங்கள்தானே அதோடு இருப்பவர்.

என்மேல் கோபம் இருந்தால் எழுதுங்கள். கோபமாக எழுதினாலும் செடிகளைப் பற்றி எழுதுங்கள்.

எல்லோரும் சுகமா?

கவலையுடன்,
சம்பந்தி


ஏப்ரல் 6

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். சுகம்.

துண்டுத் தாள் கிடைத்திருக்கும் என்று நினைக்கிறேன். கவரை ஒட்டியது அவள். தபாலில் போட்டது நான். கனம் எனக்குத் தெரியாதா?

பத்து லிட்டர் கொடுக்க ஆரம்பித்து ஒரு வாரம் ஆகிறது. பதினோரு செடிகள் போய்விட்டன. அவற்றைப் பிடுங்கவில்லை. பிடுங்கினால் லாரிக்காரர் கண்ணுக்கு வெற்றிடம் தெரியும்.

மற்ற நாற்பத்தொன்பதும் இன்னும் நிமிரவில்லை. அதுதான் எனக்குப் புரியவில்லை. நாலு போதாமல் வாடினது சரி. பத்து கொடுத்தும் ஏன் வாடுகின்றன? மேலே ஈரம் சாப்பாட்டுத் தட்டு அகலம்தான் இருக்கிறது. பத்து லிட்டரும் எங்கே போகிறது?

என் பையன் ஒன்று சொன்னான். அதை எழுதலாமா என்று யோசித்தேன். எழுதவில்லை.

மாடி அறை உங்கள் பெண்ணுக்கும் என் பையனுக்கும் என்று நேற்றுத்தான் தெரிந்தது. உங்கள் பெண்தான் பேச்சுவாக்கில் சொன்னாள். வேலை முடிந்துவிட்டதா?

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தி


ஏப்ரல் 29

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

பதில் எழுத இருபத்துமூன்று நாள் ஆகிவிட்டது. உடம்புக்கு ஒன்றும் இல்லை.

உங்கள் பையன் சொன்னதை நீங்கள் எழுதாவிட்டாலும் எனக்குக் கேட்கிறது. மாடிக்கு ஆள் வரட்டும் என்றுதான் நாலு லிட்டர் என்று எழுதினாரா என்று கேட்டிருப்பார். அவர் இடத்தில் நான் இருந்தால் நானும் கேட்பேன்.

அதற்காக எழுதவில்லை, சத்தியமாக. ஆனால் அதோடு நிறுத்தினால் பாதிதான் சொன்னதாகும். ஜனவரியில் மகள் போனில், "கோடை தாண்டலைன்னா டவுனுக்கே வந்துடுவோம்பா" என்றாள். மறுநாளே கொத்தனாரை வரச்சொன்னேன். அதற்குப் பிறகுதான் கண்காட்சிக்குப் போனேன். காலையில் கொத்தனாருக்குச் சுவர் எங்கே வர வேண்டும் என்று காட்டுவேன். மத்தியானம் உட்கார்ந்து உங்களுக்குக் குழாய்ப் படம் வரைவேன். இரண்டையும் மனசாரத்தான் செய்தேன். இரண்டும் ஒன்றுக்கொன்று எதிர் என்று ஒருநாள்கூட எண்ணிப் பார்க்கவில்லை.

மகளின் தாளில் ஏழு செடி காய்கிறது என்று படித்தபோது எனக்கு முதலில் வந்தது வருத்தம் இல்லை. ஒரு நொடிதான். அந்த நொடியை உங்களிடம் சொல்லாமல் வேறு எதையும் எழுதக் கை வரவில்லை. அதனால்தான் இத்தனை நாள்.

பத்து லிட்டர் எங்கே போகிறது என்று கேட்டீர்கள். எனக்குத் தெரியாது. வாத்தியாராக இருந்தவன் இந்த வார்த்தையை எழுத ரொம்பப் பழக வேண்டியிருக்கிறது. ஆனால் தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது. தூக்கத்திலிருந்து எழுந்ததும் முதலில் அதுதான் ஞாபகம் வருகிறது. உங்கள் நிலத்து மண் ஒரு சாக்கு அனுப்ப முடியுமா? என் பேச்சைக் கேட்டுச் செய்தது போதும் என்று தோன்றினால் அனுப்ப வேண்டாம். நான் புரிந்துகொள்வேன்.

சம்பந்தி


மே 7

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். சுகம். மூன்று செடிகள் இன்னும் போயின. நாற்பத்தாறு இருக்கின்றன.

மண்ணை பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். மேல்மண் வெள்ளைச் சாக்கில், முழங்கை ஆழத்து மண் பச்சைச் சாக்கில். கண்டக்டர் உங்கள் பெண்ணிடம், "என்னம்மா இது இந்தக் கனம் கனக்குது?" என்று கேட்டிருக்கிறார். "மண்ணு." "மண்ணா? அந்த ஊர்ல மண்ணே இல்லையா?" "இருக்கு. எங்க அப்பாவுக்கு இந்த மண்ணுதான் வேணுமாம்." அவர் சாக்கை இறக்கும்போது உங்களை ஒருமாதிரி பார்த்தால் தவறாக நினைக்காதீர்கள்.

அந்த நொடியைப் பற்றி எழுதியிருந்தீர்கள். நானும் ஒன்று எழுதுகிறேன். பெண் பார்க்க வந்தோமே, அன்றைக்குப் பஸ்ஸில் திரும்பும்போது நான் என்ன நினைத்தேன் தெரியுமா? ஒரே பெண், பிறந்த வீடு தூரம், சும்மா சும்மா கிளம்பிப் போக முடியாது, நல்லதுதான் என்று. எனக்கும் கணக்கு வரும்.

அந்த அறையில் எத்தனை கட்டில் என்று நான் கேட்கப்போவதில்லை. கேட்டால் எனக்கும் சேர்த்து மூன்று என்று சொல்லிவிடுவீர்கள். உங்களைத் தெரியாதா? அதற்குப் பிறகு இங்கே பிடிவாதமாக நிற்க எனக்கு ஒரு காரணமும் இருக்காது.

லாரிக்காரர் ஜூன் பத்தாம் தேதி வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். என் பையன் தலையாட்டினான். அதற்குள் அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று எனக்குச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
சம்பந்தி


மே 18

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

நாங்கள் சுகம். நேரடியாக விஷயத்துக்கு வருகிறேன், கை பரபரக்கிறது.

மாடி ஜன்னலின் கண்ணாடி இரண்டையும் கழற்றிவிட்டேன். தச்சரிடம் கொடுத்து, நடுவில் ஒரு கை அகலம் விட்டு எதிரெதிராக நிறுத்தி, மூன்று பக்கமும் பலகை அடிக்கச் சொன்னேன். அலமாரியில் நிமிர்த்தி வைத்த புத்தகம் மாதிரி ஒரு பெட்டி, இடுப்பு உயரம். கீழே பச்சைச் சாக்கு மண், மேலே வெள்ளைச் சாக்கு மண், உங்கள் நிலத்தில் இருக்கும் வரிசையிலேயே. மேலிருந்து மருந்துக்கடை டிரிப் டியூப் ஒன்று. சொட்டவிட்டு உட்கார்ந்தோம். என் மனைவியும் நாற்காலி போட்டுக்கொண்டாள். டிவி சீரியலைவிட மெதுவாகப் போனாலும் இதில் கதை இருக்கிறது என்கிறாள்.

முதலில் எங்கள் தோட்டத்து மண்ணை வைத்துப் பார்த்திருந்தேன். அது களிமண். ஈரம் வெங்காயம் மாதிரி நடுவில் புடைத்துப் பரவியது. உங்கள் மண்ணில் அப்படி இல்லை! உள்ளங்கை அகலத்துக்குமேல் விரியவே இல்லை. கேரட் மாதிரி நேராகக் கீழே, கீழே, இன்னும் கீழே. முழங்கை ஆழத்தைத் தாண்டி, பெட்டியின் அடிப்பலகையை ஈரம் தொட்டுவிட்டது. லாரிக்காரர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார், ஒட்டாது, ஊறாது. நீங்கள் கொடுக்கும் பத்து லிட்டரில் பெரும்பங்கு வேருக்குப் பக்கத்தில் நிற்காமல், கூட்டமான பஸ் நிறுத்தத்தில் நிற்காமல் போகும் பஸ்ஸைப்போலக் கடந்து போய்விடுகிறது.

பிறகு மண்ணை மாற்றிப் போட்டு, அதே தண்ணீரை மூன்று முனைகளில் பிரித்துவிட்டேன். பாதி காலையில், பாதி சாயங்காலம். இப்போது மூன்று குட்டைக் கேரட்டுகள், மேலே ஒன்றோடொன்று தோள் இடித்துக்கொண்டு. கீழே அவ்வளவு ஆழம் போகவில்லை.

இது என் கண்ணாடிக்குள் நடந்தது. உங்கள் நிலத்திலும் இப்படித்தான் நடக்கிறதா என்று எனக்குத் தெரியாது. நான் எழுதியதை நம்பாதீர்கள். ஒரே ஒரு செடிக்குப் பக்கத்தில் தோண்டிப் பாருங்கள். நீங்கள் பார்ப்பதுதான் சரி.

இங்கே மாடியில் இப்போது காற்று பிரமாதம்.

சம்பந்தி


ஜூன் 16

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

எல்லோரும் சுகம். அம்மா நாற்காலியை எடுத்து உள்ளே வைத்துவிட்டார்களா, இன்னும் பெட்டி முன்னால்தான் இருக்கிறார்களா?

தோண்டினேன். கேரட்தான். என் கையை உள்ளே விட்டுத் தோள்வரை போயும் ஈரத்தின் அடி தட்டவில்லை. வேர்களோ விரித்த விரல்கள் மாதிரி பக்கவாட்டில் போயிருந்தன, உலர்ந்த மண்ணில். தண்ணீர் தனியாக, வேர் தனியாக, ஒரே வீட்டில் பேசாமல் இருப்பவர்களைப்போல. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்தது. அதோடு ஒரு சந்தோஷமும் வந்தது. இவ்வளவு நாள் எங்கே போகிறது என்று தெரியாமல் இருந்தது அல்லவா!

அன்றே மெல்லிய குழாய்களை மூன்றாக வெட்டி, செடியைச் சுற்றி மூன்று முனைகள் வைத்தோம். காலையில் ஒன்றரை டிரம், சாயங்காலம் ஒன்றரை. நீங்கள் எழுதாத ஒன்றையும் செய்தேன்: ஒவ்வொரு முனையின்மேலும் ஒரு தட்டைக் கல். வெயில் தொடாது, அணிலும் தொடாது. கல்லைத் தூக்கிப் பார்த்தால் மத்தியானத்திலும் கீழே குளிர்ச்சியாக இருக்கிறது. ஏன் என்று உங்கள் கண்ணாடியில் பார்த்துச் சொல்லுங்கள்.

இன்னும் இரண்டு செடிகள் போய்விட்டன. நாற்பத்துநாலு நிற்கின்றன. மூன்றாவது வாரம் நுனியில் சிவப்பாகத் துளிர் விட்டது, பிறகு பச்சையாயிற்று.

பத்தாம் தேதி லாரிக்காரர் வந்தார். நான் பத்தடி தள்ளி நின்றேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. என் பையன் இரண்டாம் வரிசையில் குனிந்திருந்தான். அவர் ஏதோ கேட்டார். இவன் நிமிராமலே பதில் சொன்னான். அவர் மறுபடியும் கேட்டார், இவன் மறுபடியும். பிறகு அவர் கொஞ்ச நேரம் செடிகளைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, பைக்கைத் திருப்பினார்.  உங்கள் பெண் ஓடிவந்து காதுக்குப் பக்கத்தில் கத்தினாள். அவள் சொன்னபடியே எழுதுகிறேன்.

"என்ன தம்பி, ஆளுங்களை வரச்சொல்லட்டா?"

"இருங்கண்ணே, இந்த வரிசையை முடிச்சிடறேன்."

"அப்படி என்னத்தைப் பண்றீங்க?"

"குழாயைத் தள்ளி வைக்கறேன்."

"ஏன், இப்ப நல்லாத்தானே சொட்டுது?"

"இப்பச் சரிதான். அடுத்த வருஷம் வேரு இங்க வந்திருக்கும்ல."

மூன்று குழாய்களில் ஒன்றை மட்டும், ஒரு சாண் தள்ளி. நாற்பத்துநாலு செடிக்கும். சாயங்காலம்வரை செய்தான். யாரும் அவனுக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

"அப்பாவுக்கு நீங்களே எழுதிடுங்க அத்தை, எனக்கு எழுத வரலை" என்றாள் உங்கள் பெண். அதனால் நான் எழுதுகிறேன். எழுதும்போது உங்கள் மாடியை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

அன்புடன்,
சம்பந்தி


ஜூன் 24

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

நாங்கள் சுகம். உங்கள் எல்லோருடைய சுகமும் கடிதத்திலேயே தெரிந்தது.

என் மனைவிக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். படித்து முடித்ததும், "அப்ப வரமாட்டாங்க" என்றாள். கேள்வியாகச் சொல்லவில்லை.

"மூணுல ஒரு குழாயைத்தானே தள்ளி வெச்சிருக்காரு" என்றேன். எங்கே போகும் என் புத்தி?

"ஒண்ணு போதும்" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் துணி மடித்தாள். நான் பெட்டிக்குள் ஒரு தட்டைக் கல்லை வைத்து, உங்கள் கேள்விக்காகச் சொட்டவிட்டு உட்கார்ந்தேன். பாதித் துணியை மடித்தவள், கையில் ஒரு சட்டையோடு வந்து பக்கத்தில் நின்றாள்.

"அந்தச் செடியெல்லாம் எப்பங்க பூக்கும்?"

"எதுக்குக் கேக்கறே?"

"பூத்தா தோட்டமே மணக்குமாமே. ஒரு பத்து நாள் அங்க போய் இருந்துட்டு வரலாம்னு. பூ இருக்கும்போது போனாத்தானே?"

ஒரு மாதத்தின் பெயர் வாய்வரை வந்துவிட்டது. சொல்லவில்லை. "சம்பந்தியம்மாவைத்தான் கேக்கணும்" என்றேன். எழுதுங்கள் அம்மா, எந்த மாதம்?

காத்திருக்கும்,
சம்பந்தி